இணைய வானொலிக்காகக் குரல் கொடுத்த நேயர்கள்: அமெரிக்க ராயல்டி போராட்டம் ஒரு பார்வை

2007ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி அமெரிக்காவில் பல இணைய வானொலிகள் பாட்டை நிறுத்தின. வழக்கமான நிகழ்ச்சிக்குப் பதிலாக அன்று நேயர்களுக்குக் கிடைத்தது மௌனம், அல்லது வானொலிகளுக்கு நேரப்போகும் நிலையை விளக்கும் அறிவிப்பு. பண்டோரா, லைவ்365, ராப்சோடி, யாஹூ போன்ற பெரிய சேவைகளும், ஓரிருவர் மட்டுமே நடத்தி வந்த சிறு நிலையங்களும் இதில் சேர்ந்துகொண்டன. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்திற்குத் தொலைபேசியில் பேசுங்கள் என்பதே நேயர்களிடம் அவை வைத்த கோரிக்கை.

பாடல்களுக்குச் செலுத்த வேண்டிய ‘ராயல்டி’ எனப்படும் உரிமத்தொகை உயர்த்தப்பட்டதுதான் காரணம். பாட்டை இலவசமாகத் தர வேண்டும் என்று நேயர்கள் கேட்டதாகச் சிலர் நினைப்பதுண்டு. உண்மையில் தகராறு வேறு. தொகையை எந்த அளவுகோலை வைத்துக் கணக்கிடுவது என்பதே கேள்வி. பாடல் ஒலித்த எண்ணிக்கையையும் கேட்ட ஆட்களின் எண்ணிக்கையையும் பெருக்கி வாங்குவதா, நிலையத்தின் வருமானத்தில் ஒரு பங்கு என்று வாங்குவதா? அடுத்த பத்தாண்டுகளில் பல நிலையங்களின் வாழ்வும் மறைவும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்தன.

ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமைகள்

வானொலியில் ஒலியேறும் ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு தனித்தனி உரிமைகள் அடங்கியுள்ளன. ஒன்று, பாட்டை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரியது. மற்றொன்று, அந்தப் பாட்டின் ஒலிப்பதிவுக்கு உரியது. பாடியவர், வாசித்தவர், பதிவு செய்து வெளியிட்ட நிறுவனம் ஆகியோர் இந்த இரண்டாவதில் வருவர். கடையிலும் உணவகத்திலும் பாட்டுப் போடும் மலேசிய வணிகர்கள் பலர் இதை அறிவார்கள். பாட்டை உருவாக்கியவர்களுக்காக எம்ஏசிபி, ஒலிப்பதிவு நிறுவனங்களுக்காக பிபிஎம் என்று இங்கு வெவ்வேறு அமைப்புகள் செயல்பட்டு வந்துள்ளன.

அமெரிக்காவில் நிலைமை சற்று விசித்திரமானது. அங்கு ஏஎம், எஃப்எம் வானொலி நிலையங்கள் பாட்டை எழுதியவர்களுக்கு மட்டுமே தொகை செலுத்துகின்றன. பாடகருக்கும் ஒலிப்பதிவு நிறுவனத்துக்கும் எதுவும் தருவதில்லை. வானொலியில் பாட்டு ஒலித்தால் அதுவே விளம்பரம், அதனால் இசைத்தட்டு விற்கும் என்பது அந்நிலையங்கள் காலங்காலமாகச் சொல்லி வந்த நியாயம்.

இணையம் வந்தபோது சட்டம் வேறு வழியில் சென்றது. 1995ஆம் ஆண்டிலும் 1998ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்கள், மின்னிலக்க முறையில் ஒலியேறும் பாட்டுக்கு ஒலிப்பதிவு உரிமையாளரும் தொகை பெற வழி செய்தன. இணைய வானொலிக்கு இதில் ஒரு வசதியும் இருந்தது. ஒவ்வொரு நிறுவனத்திடமும் தனித்தனியாக அனுமதி கேட்டு அலைய வேண்டியதில்லை. சட்டப்படி நிர்ணயித்த தொகையைச் செலுத்தி, விதிகளைப் பின்பற்றினால், எந்த ஒலிப்பதிவையும் ஒலியேற்றலாம். ஒரே பாட்டகராதியிலிருந்து குறுகிய நேரத்தில் தொடர்ந்து பல பாடல்களைப் போடக் கூடாது, நேயர் கேட்ட பாட்டைக் கேட்ட நொடியில் போடக் கூடாது என்பவை அவ்விதிகளில் சில.

இத்தொகையை வசூலித்துப் பங்கிடும் அமைப்பு சவுண்ட்எக்ஸ்சேஞ்ச். வசூலில் 50 விழுக்காடு ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும், 45 விழுக்காடு முதன்மைக் கலைஞருக்கும், 5 விழுக்காடு பின்னணியில் பாடியவர்கள், வாசித்தவர்களுக்கும் செல்கிறது. கலைஞரின் பங்கு நிறுவனத்தின் கணக்கு வழியாகச் செல்லாமல் நேரடியாக அவரிடமே சேர்கிறது. நிறுவனத்திடம் முன்பணம் வாங்கிக் கடனில் இருக்கும் பாடகருக்கு இது பெரிய வேறுபாடு.

முதல் மோதல்: 2002

இணைய வானொலிகளின் முதல் மௌன நாள் 2002ஆம் ஆண்டு மே 1ஆம் தேதி நடந்தது. இணையத்தில் மட்டும் ஒலிபரப்பும் நிலையங்கள் ஒரு பாட்டுக்கு, ஒரு நேயருக்கு 0.14 அமெரிக்க சென்ட் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பாயக் குழு ஒன்று பரிந்துரை செய்திருந்தது. எதிர்ப்புக்குப் பிறகு, அன்று இதில் முடிவெடுக்கும் அதிகாரம் பெற்றிருந்த அமெரிக்க நாடாளுமன்ற நூலகத் தலைவர் ஜூன் மாதம் அதைப் பாதியாக, 0.07 சென்டாகக் குறைத்தார்.

அதுவும் சிறு நிலையங்களுக்குத் தாங்கவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து இயங்கிய சோமாஎஃப்எம் அந்த ஆண்டு சில மாதங்களுக்கு ஒலிபரப்பையே நிறுத்தி வைத்தது. ஆண்டு இறுதியில் நாடாளுமன்றம் சிறு இணைய ஒலிபரப்பாளர் தீர்வுச் சட்டத்தை நிறைவேற்றியது. 2002 டிசம்பரில் அது கையெழுத்தானது. அதன் வழி ஏற்பட்ட உடன்பாட்டின்படி 2003, 2004ஆம் ஆண்டுகளில் சிறு நிலையங்கள் முதல் 250,000 டாலர் வருமானத்தில் 10 விழுக்காட்டையும் அதற்கு மேற்பட்ட வருமானத்தில் 12 விழுக்காட்டையும் செலுத்தலாம், அல்லது செலவில் 7 விழுக்காடு; இரண்டில் எது அதிகமோ அது. வருமானத்தை வைத்துக் கணக்கிடும் முறை சிறு நிலையங்களுக்குக் கிடைத்தது இப்படித்தான்.

2007 மார்ச் 2: புதிய கட்டணம்

இதற்கிடையே, கட்டணத்தை நிர்ணயிக்கும் பொறுப்பு மூன்று நீதிபதிகள் கொண்ட பதிப்புரிமை உரிமத்தொகை வாரியத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் தேதி வாரியம் தன் முடிவை அறிவித்தது. ஒரு பாட்டு ஒரு நேயரின் காதில் விழுவதற்கு 2006இல் 0.08 சென்ட், 2007இல் 0.11, 2008இல் 0.14, 2009இல் 0.18, 2010இல் 0.19 சென்ட் என்று படிப்படியாக உயரும் பட்டியல் அது. 2006 ஜனவரி 1 முதல் முன்தேதியிட்டு இது நடப்புக்கு வந்தது. சிறு நிலையங்களுக்கு இருந்த வருமான விழுக்காட்டு முறைக்கு அதில் இடம் இல்லை. ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஆண்டுக்கு 500 டாலர் குறைந்தபட்சக் கட்டணமும் உண்டு.

ஒரு சென்டில் பத்தில் ஒரு பங்கு என்றால் அது ஒரு தொகையா என்று தோன்றலாம். கணக்குப் போட்டால் தெரியும். ஒரு நிலையத்தை எந்நேரமும் சராசரியாக 100 பேர் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 15 பாட்டு. ஒரு நாளைக்கு 24 மணி நேரம், ஆண்டுக்கு 365 நாள். கணக்கில் வருவது 13.14 மில்லியன் ஒலிப்புகள். 2006ஆம் ஆண்டுக் கட்டணத்தில் இது 10,512 டாலர். 2010ஆம் ஆண்டுக் கட்டணத்தில் 24,966 டாலர். அந்த நிலையத்தின் ஆண்டு வருமானம் நன்கொடையும் விளம்பரமும் சேர்த்து 20,000 டாலர் என்றால், வருமானம் முழுவதையும் கொடுத்தாலும் கட்டணம் தீராது. பழைய முறையிலோ அதே நிலையம் ஏறக்குறைய 2,000 டாலர் செலுத்தியிருக்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. எஃப்எம் நிலையத்தைப் பத்தாயிரம் பேர் கேட்டாலும் ஒரு லட்சம் பேர் கேட்டாலும் ஒலிபரப்புக் கோபுரத்தின் செலவு ஒன்றுதான். இணைய வானொலியில் நேயர் ஒருவர் கூடினால் கட்டணமும் கூடும். விளம்பரம் வந்து சேர்வதற்கு முன்பே நிலையம் பிரபலமாகிவிட்டால், அந்தப் பிரபலமே கடனாகிவிடும்.

குறைந்தபட்சக் கட்டணம் பண்டோரா போன்ற சேவைகளுக்குத் தனித் தலைவலியாக இருந்தது. அங்கு ஒவ்வொரு நேயரும் தமக்கென்று அலைவரிசைகளை உருவாக்கிக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் 500 டாலர் என்றால் எந்த நிறுவனமும் தாங்காது. பின்னர் 2007 ஆகஸ்டில், ஒரு சேவைக்கு ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் குறைந்தபட்சக் கட்டணம் போகாது என்று பெரிய சேவைகளுடன் உடன்பாடு ஏற்பட்டது.

நேயர்கள் களத்தில்

மார்ச் அறிவிப்புக்குப் பிறகு நிலையங்களும் கலைஞர்களும் நேயர்களும் ‘சேவ்நெட்ரேடியோ’ என்ற பெயரில் ஒரே கூட்டணியாகத் திரண்டனர். இணையத்தில் கையெழுத்துத் திரட்டுவதோடு அவர்கள் நிற்கவில்லை. நேயர் தம் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் அவருடைய தொகுதிப் பிரதிநிதியின் பெயரும் தொலைபேசி எண்ணும் கிடைத்துவிடும். இசைக்கலைஞராக இருந்து பண்டோராவைத் தொடங்கிய டிம் வெஸ்டர்கிரென் தம் நேயர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, அலுவலகத்திற்குப் பேசும்படி கேட்டுக்கொண்டார். பெயர் தெரியாத நிறுவனம் ஒன்றின் மனுவைவிடத் தம் தொகுதி வாக்காளரின் குரலுக்கு அரசியல்வாதி காது கொடுப்பார் என்பது அவர்களின் கணக்கு.

அந்தக் கணக்கு பலித்தது. 2007 ஏப்ரல் இறுதியில் ஜனநாயகக் கட்சியின் ஜே இன்ஸ்லீயும் குடியரசுக் கட்சியின் டான் மன்சுல்லோவும் இணைந்து பிரதிநிதிகள் சபையில் இணைய வானொலிச் சமத்துவ மசோதாவைக் கொண்டுவந்தனர். அடுத்த மாதம் ரோன் வைடன், சாம் பிரவுன்பேக் ஆகிய இரு செனட்டர்கள் செனட் சபையில் அதே போன்ற மசோதாவைத் தாக்கல் செய்தனர். துணைக்கோள வானொலிக்கு ஈடாக, வருமானத்தில் 7.5 விழுக்காடு அல்லது ஒரு நேயர் கேட்கும் ஒரு மணி நேரத்துக்கு 0.33 சென்ட் என்பதே அவர்கள் முன்வைத்த கட்டணம்.

அந்த மசோதா சட்டமாகவில்லை. ஜூலை மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கட்டணத்தைத் தள்ளிவைக்க மறுத்தது. ஜூலை 15ஆம் தேதி புதிய கட்டணம் நிலுவையோடு செலுத்தப்பட வேண்டிய நாள். ஆனால் நாடாளுமன்றத்தில் எழுந்த குரல் சவுண்ட்எக்ஸ்சேஞ்சைப் பேச்சு மேசைக்கு வரவழைத்தது. பேச்சு நடந்துகொண்டிருந்ததால் நிலையங்கள் ஒரேயடியாக மூடப்படவில்லை.

மலேசிய நேயர்களும் அந்த ஆண்டு நடந்த ஒன்றால் நேரடியாகப் பாதிக்கப்பட்டனர். அமெரிக்கச் சட்டம் தரும் உரிமம் அமெரிக்காவுக்குள் இருக்கும் நேயர்களுக்கு மட்டுமே செல்லும். 2007 மே மாதம் பண்டோரா வெளிநாட்டு நேயர்களைத் தடுக்கத் தொடங்கியது. மலேசியா, சிங்கப்பூர் உட்பட உலகின் பெரும் பகுதி அச்சேவையை இழந்தது. இணையத்துக்கு எல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், பாட்டின் உரிமைக்கு எல்லை உண்டு என்பதைப் பலர் அப்போதுதான் அறிந்தார்கள்.

மறுபக்கம்

கட்டணத்தை ஆதரித்தவர்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. எஃப்எம் வானொலி பாடகருக்கு எதுவும் தராத நாட்டில், ஒலிபரப்பிலிருந்து பாடகர் கையில் பணம் சேர இருந்த ஒரு சில வழிகளில் இணையமும் ஒன்று. ஒரு நிறுவனம் விளம்பரம் விற்கத் தெரியாமலோ, ஆள் சேர்ப்பதற்காக வேண்டுமென்றே இலவசமாகவோ சேவை நடத்தினால், அந்த நட்டத்தைப் பாடகர் ஏன் சுமக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். பாட்டு ஒலித்தால் அதற்கு ஒரு விலை உண்டு, அது கேட்டவரின் எண்ணிக்கையோடு கூடுவதே நியாயம் என்றும் சொன்னார்கள்.

சிறு நிலையங்கள் இதற்குத் தந்த பதிலும் பாடகர்களைச் சார்ந்ததே. பெரிய நிலையங்கள் தொடாத நாட்டுப்புற இசை, ஜாஸ், பிறமொழிப் பாடல், புதுக் கலைஞர் ஆகியோருக்கு இடம் தருவது தாங்கள்தான். தாங்கள் மூடினால் அந்தக் கலைஞருக்கு உயர்ந்த கட்டணமும் கிடைக்காது, நேயரும் கிடைக்க மாட்டார் என்றனர். இரு தரப்பும் பாடகருக்காகவே பேசியதால் நாடாளுமன்றத்துக்கு இது எளிதான விவகாரமாக இருக்கவில்லை.

2008, 2009: கிடைத்த தீர்வு

2008 செப்டம்பரில், பேச்சு முடியும்வரை அவகாசம் தரும் மசோதா ஒன்று வந்தது. பாரம்பரிய வானொலி நிலையங்களின் சங்கம் அதை எதிர்த்தது. பண்டோரா மீண்டும் நேயர்களிடம் போனது. தொலைபேசிகள் மீண்டும் ஒலித்தன. எதிர்ப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. இரு சபைகளும் அந்த மாத இறுதிக்குள் மசோதாவை நிறைவேற்றின. அக்டோபர் 16ஆம் தேதி அது சட்டமானது. அவகாசம் போதாமல் போகவே 2009 ஜூன் 30ஆம் தேதி மற்றொரு சட்டமும் வந்தது.

ஒரு வாரம் கழித்து, 2009 ஜூலை 7ஆம் தேதி உடன்பாடு அறிவிக்கப்பட்டது. இணையத்தில் மட்டும் இயங்கும் பெரிய சேவைகள் வருமானத்தில் 25 விழுக்காடு அல்லது பாட்டுக்கு இவ்வளவு என்ற கட்டணம், இரண்டில் எது அதிகமோ அதைச் செலுத்த வேண்டும். ஆனால் பாட்டுக் கட்டணம் வாரியத்தின் பட்டியலில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. 2010இல் 0.19 சென்டுக்குப் பதில் 0.097 சென்ட். ஆண்டு வருமானம் 1.25 மில்லியன் டாலருக்கு உட்பட்ட சிறு சேவைகளுக்கு விழுக்காட்டு முறை திரும்பக் கிடைத்தது. முதல் 250,000 டாலருக்கு 12 விழுக்காடு, அதற்கு மேல் 14 விழுக்காடு. இதுவும் செலவில் 7 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது.

நேயர்களும் தங்கள் பங்கைச் செலுத்த வேண்டியிருந்தது. பண்டோரா இலவச நேயர்களுக்கு மாதம் 40 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. அதைத் தாண்டியவர்கள் அந்த மாதத்துக்கு 99 சென்ட் கட்டினால் தொடர்ந்து கேட்கலாம். கலிஃபோர்னியாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ரேடியோ பாரடைஸ், சோமாஎஃப்எம் போன்றவை விளம்பரம் இன்றி நேயர்களின் நன்கொடையிலேயே ஓடிக்கொண்டிருந்தன.

கைமாறிய முழக்கம்

இந்த உடன்பாடு 2015 இறுதிவரைக்குமானது. இடையில் நிலைமை மாறியது. பண்டோரா 2011 ஜூனில் பங்குச் சந்தைக்குச் சென்றது. அடுத்த ஆண்டு இணைய வானொலி நியாய மசோதா என்ற பெயரில் கட்டணத்தைக் குறைக்கும் முயற்சி ஒன்று எழுந்தது. இம்முறை நூற்றுக்கு மேற்பட்ட புகழ்பெற்ற கலைஞர்கள் ஒன்றுசேர்ந்து வெளிப்படையாகக் கடிதம் எழுதி எதிர்த்தனர். மசோதா கைவிடப்பட்டது. 2007இல் சிறு நிலையத்தைக் காக்கும் குரலாக ஒலித்தது, 2012இல் பெரிய நிறுவனத்தின் செலவைக் குறைக்கும் குரலாகப் பலருக்குக் கேட்டது.

2015ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி வாரியம் அடுத்த ஐந்தாண்டுக்கான கட்டணத்தை வெளியிட்டது. 2016 முதல் சந்தா இல்லாத சேவைக்குப் பாட்டு ஒன்றுக்கு 0.17 சென்ட், சந்தா சேவைக்கு 0.22 சென்ட். பெரிய நிறுவனங்கள் இதைச் சமாளித்துக்கொண்டன. சிறு நிலையங்களுக்கான விழுக்காட்டு முறை மட்டும் காலாவதியானது. அதைப் புதுப்பிக்க 2008இல் இருந்த கூட்டணியும் இல்லை, நாடாளுமன்றத்தில் மசோதாவும் இல்லை.

பாதிப்பு உடனே தெரிந்தது. 1999 முதல் சிறு ஒலிபரப்பாளர்களுக்கு ஒரே குடையாக இருந்து, அவர்களின் உரிமக் கணக்கையும் கவனித்து வந்த லைவ்365, முதலீட்டாளரின் ஆதரவையும் இழந்து 2016 ஜனவரி 31ஆம் தேதி மூடப்பட்டது. அதை நம்பி இருந்த நிலையங்கள் ஒரே நாளில் அமைதியாயின. 2017இல் புதிய உரிமையாளரின்கீழ் அது மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் பழைய நிலையங்கள் பல திரும்பவில்லை.

இன்றைய நிலை

2021இல் சந்தா இல்லாத சேவைக்கான கட்டணம் 0.21 சென்டாக உயர்ந்தது. அதன் பிறகு 2025 வரை விலைவாசிக்கு ஏற்ப அது மாற்றி அமைக்கப்பட்டது. குறைந்தபட்சக் கட்டணமும் 500 டாலரிலிருந்து 1,000 டாலருக்குக் கூடியது. அமெரிக்க எஃப்எம் நிலையங்கள் பாடகருக்குத் தொகை தர வேண்டும் என்ற மசோதாக்கள் பலமுறை வந்தும் இன்னும் சட்டமாகவில்லை.

நேயர்களின் தொலைபேசி அழைப்புகள் 2002இலும் 2008இலும் சட்டத்தைக் கொண்டுவந்தன. இரண்டு முறையும் கிடைத்தது காலக்கெடுவோடு கூடிய சலுகை. கெடு முடிந்த நாளில் கேட்க ஆள் இல்லாதபோது சலுகையும் போனது. மேலே கணக்கிட்ட அதே நிலையம், அதே 100 நேயர்களோடு 2021இல் ஒலிபரப்பியிருந்தால், ஒலிப்பதிவுக் கட்டணமாக மட்டும் 27,594 டாலர் செலுத்தியிருக்க வேண்டும். அதே ஊரில் ஒரு லட்சம் பேர் கேட்கும் எஃப்எம் நிலையம் அதே பாடகருக்குச் செலுத்துவது பூஜ்யம்.